ஒரு சொல்லின் பொருளும் உயிர்களின் உறைவிடமும்

முன்னுரை

திருமறையை மூலமொழிகளில் கற்பிப்போரும் கற்போரும் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. ஒரு வசனத்தை அழித்துவிட எவரும் துணிவதில்லை. ஆனால் அவ்வசனத்திலுள்ள ஒரு சொல்லின் பொருளைக் குறுக்கிவிட்டால் போதும். வசனம் தன் இடத்திலேயே இருக்கும், அதன் ஆற்றல் மட்டும் அகன்றுவிடும். நாட்டின் சட்டங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அழியும் நிலையிலுள்ள விலங்குகளையும் பறவைகளையும் காப்பதற்கென இயற்றப்பட்ட சட்டங்கள் இந்நாள்களில் வலுவிழந்து வருகின்றன. அவற்றை எவரும் வெளிப்படையாக நீக்கவில்லை. அவற்றிலுள்ள சில சொற்களின் பொருள் குறுக்கப்படுகிறது. அவ்வாறு குறுக்கப்படும் இரு சொற்களை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். ஒன்று அமெரிக்கச் சட்டத்திலுள்ள ‘தீங்கு’ என்னும் சொல். மற்றொன்று நமது நாட்டின் சட்டத்திலுள்ள ‘காடு’ என்னும் சொல்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு கேள்வியாகும். பல ஆண்டுகளுக்கு முன் நீலகிரி மலைச்சரிவில் ஒரு சிறு சபையில் ஆயராகப் பணியாற்றினேன். விடியற்காலையில் தேயிலைத் தோட்ட வேலைக்கு நடந்து சென்ற சபையார் ஒருவர் யானையால் மிதிபட்டு இறந்தார். அடக்க ஆராதனை முடிந்து அவர் வீட்டிற்குச் சென்றபோது அவருடைய மனைவி என்னை நோக்கி, “ஐயா, யானைக்குச் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். எங்களுக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். நான் விடை கூறவில்லை. ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். வனவிலங்குச் சட்டங்களைப்பற்றிச் சிந்திக்கும் எந்த ஆயரும் அந்த அம்மையாரின் கேள்வியைக் கடந்து செல்ல இயலாது. அதனை நினைவிற்கொண்டே இவ்விரு சொற்களையும் அணுகுவோம்.

1. சட்டம் எதனைக் காக்கிறது?

வனவிலங்குகளைக் காக்கும் சட்டங்கள் இரண்டு நிலைகளில் செயற்படுகின்றன. முதலாவது, அவை விலங்கின் உடலைக் காக்கின்றன. கொல்லாதே, பிடிக்காதே, விற்காதே என்கின்றன. இரண்டாவது, அவை விலங்கின் உறைவிடத்தைக் காக்கின்றன. அது உண்ணும் இடத்தையும் நீர் அருந்தும் இடத்தையும் குஞ்சு பொரிக்கும் இடத்தையும் கெடுக்காதே என்கின்றன. முதல் நிலை எவருக்கும் எளிதில் விளங்கும். இரண்டாம் நிலையே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆயினும் ஓர் உயிரினம் அற்றுப்போவதற்கு வேட்டைக்காரனின் துப்பாக்கியைக் காட்டிலும் உறைவிட அழிவே பெருங்காரணம் என்பது இன்று அறிவியலார் பலரும் ஒப்பும் செய்தியாகும். மரப்பொந்தில் வாழும் பறவையைச் சுடாமல், அம்மரங்களை மட்டும் வெட்டினாலும் அப்பறவையினம் அழிந்துபோகும்.

நமது நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. கொல்லுதல், நஞ்சிடுதல், கண்ணி வைத்தல் ஆகியவற்றோடு, பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் வேட்டையே என்று அது கூறுகிறது. அன்றியும், ஒரு விலங்கின் இயற்கையான இல்லமாக அமைந்த நிலம், நீர், தாவரம் ஆகியன அதன் உறைவிடமாகும் என்று தனியே வரையறை செய்கிறது. கூட்டைக் கலைப்பவன் பறவையைத் தொடாதிருக்கலாம். ஆயினும் அவன் வேட்டையாடியவனே என்பது அச்சட்டத்தின் கருத்து.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் பறவைக்கூட்டைப்பற்றிய ஒரு சிறு விதி உண்டென்பதை நாம் அறிவோம். வழியில் ஒரு கூட்டைக் காண்பவன் தாயையும் குஞ்சுகளையும் ஒருசேர எடுத்துக்கொள்ளலாகாது. பயன்படுத்துவதை அவ்விதி முற்றிலும் தடை செய்யவில்லை. பயன் மீண்டும் தோன்றுவதற்குரிய ஊற்றை அழிக்காதே என்கிறது. யூத மரபு இதனை மிக இலேசான கட்டளைகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறிவந்தது. எனினும் தாய் தந்தையரைக் கனம்பண்ணுவதற்கு வாக்களிக்கப்பட்ட அதே நன்மையும் நீடித்த வாழ்வும் இக்கட்டளைக்கும் வாக்களிக்கப்பட்டிருக்கின்றன. இலேசானதென்று கருதப்படும் சட்டத்தைத் தளர்த்துவது இலேசான செயலன்று என்பதற்கு இது போதிய சான்று.

2. ‘தீங்கு’ என்னும் சொல்

அமெரிக்காவின் அழியும் உயிரினங்கள் சட்டம் 1973 டிசம்பர் 28ஆம் நாளன்று குடியரசுத் தலைவர் நிக்சனின் ஒப்பம் பெற்றது. அழியும் நிலையிலுள்ள விலங்கினைக் ‘கைப்பற்றலாகாது’ என்று அச்சட்டம் விதித்தது. கைப்பற்றுதல் என்பதன் பொருளை விளக்கும்போது துன்புறுத்தல், தீங்கு செய்தல், துரத்தல், வேட்டையாடல், சுடுதல், காயப்படுத்தல், கொல்லுதல், பொறிவைத்துப் பிடித்தல் முதலிய சொற்களை அடுக்கியது. இவ்வடுக்கிலுள்ள ‘தீங்கு’ என்னும் சொல்லே நமது ஆய்வுக்குரியது. 1975ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சகம் இச்சொல்லுக்கு விதிமுறை வாயிலாக விளக்கம் தந்தது. உறைவிடத்தைப் பெரிதும் மாற்றுவதும் கெடுப்பதும் விலங்கிற்குச் செய்யும் தீங்கே என்பது அவ்விளக்கத்தின் சாரம். 1981ஆம் ஆண்டில் அவ்விளக்கம் சற்றுத் திருத்தப்பட்டது. அம்மாற்றத்தால் விலங்கு மெய்யாகவே சாகவோ காயமடையவோ வேண்டும் என்பது தெளிவாக்கப்பட்டது. ஆயினும் உறைவிடம் சட்டத்தின் நிழலுக்குள்ளேயே இருந்தது.

இச்சட்டத்தின் வலிமை விரைவிலேயே சோதிக்கப்பட்டது. டென்னசி மாநிலத்தில் லிட்டில் டென்னசி என்னும் ஆற்றின் குறுக்கே டெல்லிகோ அணை கட்டப்பட்டு வந்தது. 1973ஆம் ஆண்டில் டேவிட் எட்னியர் என்னும் விலங்கியலறிஞர் அவ்வாற்றில், நத்தைகளை உண்டு வாழும் மூன்று அங்குல நீளமுள்ள ஒரு மீனைக் கண்டார். ஸ்னெயில் டார்ட்டர் எனப்பட்ட அம்மீன் ஓடும் தெளிந்த நீரில் மட்டுமே வாழக்கூடியது. அணை நிரம்பினால் அதன் வாழிடம் அழியும். வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அணை ஏறக்குறைய முடிந்திருந்த நிலையிலும், சட்டத்தின் சொற்கள் ஐயத்திற்கிடமின்றி உள்ளனவாதலால் பணி நிறுத்தப்படவேண்டும் என்று 1978 ஜூன் 15ஆம் நாளன்று நீதிபதிகள் அறுவர் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர்.

தீர்ப்பிற்குப் பின் நிகழ்ந்ததே நமது பொருளுக்கு இன்றியமையாதது. அமெரிக்கக் காங்கிரஸ் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, விதிவிலக்குகள் வழங்கும் அதிகாரமுடைய உயர்மட்டக் குழுவொன்றை அமைத்தது. ஓர் உயிரினம் வாழ்வதா அழிவதா என்பதை முடிவு செய்யும் குழுவாதலால் மக்கள் அதற்குக் கடவுளின் பெயரையே கேலியாகச் சூட்டினர். அக்குழுவோ 1979 ஜனவரியில் டெல்லிகோ அணைக்கு விதிவிலக்கு மறுத்தது. எஞ்சிய சிறுபகுதியைக் கட்டி முடிக்கும் செலவைக்கூட அணையின் பயன் ஈடுசெய்யாது என்பது அதன் கணிப்பு. ஆயினும் அதே ஆண்டில் நிதி ஒதுக்கீட்டு மசோதா ஒன்றினுள் ஒரு சிறு வாசகம் சேர்க்கப்பட்டு, அணைக்குச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கப்பட்டது. நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன.

அந்நீரில் மூழ்கியது மீனின் வாழிடம் மட்டுமன்று. செரோக்கி என்னும் பழங்குடி மக்களின் பண்டைய ஊர்களாகிய சோட்டாவும் தனாசியும் மூழ்கின. தலைமுறை தலைமுறையாக உழுத குடியானவர் பலரின் நிலங்களும் பறிபோயின. வேறு ஆறுகளுக்கு மாற்றப்பட்ட மீன்களும் பின்னர் வேறிடங்களில் கண்டுபிடிக்கப்பட்டவையும் பெருகியதால், 2022ஆம் ஆண்டில் அம்மீன் அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மீன் தப்பியது. ஆனால் செரோக்கியரின் கல்லறைகளும் குடியானவரின் வயல்களும் மீளவில்லை. மீனுக்காக மனிதனைப் பலியிடுவதா என்று கேட்கப்பட்ட வழக்கில், மீனுக்கு அரணாயிருந்த சட்டமே அவ்வெளிய மனிதருக்கும் இறுதி அரணாயிருந்தது என்பதனை இங்கு உணர்கிறோம்.

‘தீங்கு’ என்னும் சொல் 1995ஆம் ஆண்டில் மீண்டும் வழக்காடப்பட்டது. வடமேற்கு மாநிலங்களின் முதிர்ந்த காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையையும், தென்கிழக்கிலுள்ள ஒருவகை மரங்கொத்தியையும் காப்பதால் மரவெட்டுத் தொழில் பாதிக்கப்படுவதாக நிலவுடைமையாளரும் தொழிலைச் சார்ந்தோரும் வழக்குத் தொடுத்தனர். நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ‘தீங்கு’ என்பதன் இயல்பான பொருளையும் சட்டத்தின் நோக்கத்தையும் கொண்டு, உறைவிட அழிவும் தீங்கே என்னும் விளக்கம் செல்லத்தக்கது என்றது. மாறுபட்ட நீதிபதி ஸ்காலியாவோ, ஒரு சொல்லை அதன் அண்டைச் சொற்களோடு சேர்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்றார். அண்டைச் சொற்களெல்லாம் விலங்கின்மேல் நேரே செய்யப்படும் செயல்களாதலால், தீங்கும் அத்தகையதே என்பது அவர் வாதம். இருவரும் கையாண்டவை நாம் வகுப்பறையில் கற்பிக்கும் பொருள்கோள் முறைகளே. ஒருவர் நூலின் முழு நோக்கத்தைக் கொண்டு சொல்லை விளக்கினார். மற்றவர் சொற்றொடரைக் கொண்டு விளக்கினார்.

முப்பது ஆண்டுகளுக்குப்பின், 2025 ஏப்ரல் 17ஆம் நாளன்று, அந்நாட்டு அரசு ‘தீங்கு’ பற்றிய விளக்கத்தை முற்றிலும் நீக்கிவிடும் முன்மொழிவை வெளியிட்டது. ஸ்காலியாவின் மாறுபட்ட கருத்தே சட்டத்திற்கு ஏற்ற பொருள் என்பது அதன் அடிப்படை. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது. காங்கிரசில் வாக்கெடுப்பும் வேண்டுவதில்லை. ஆந்தையைச் சுடுவது குற்றமாகவே இருக்கும்; ஆந்தை வாழும் காட்டை வெட்டுவது அந்தத் தடையின் வரம்பிற்குள் வருமென்று சொல்வதற்குரிய விளக்கம் மட்டும் இராது.

3. ‘காடு’ என்னும் சொல்

இனி நமது நாட்டிற்கு வருவோம். 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் காடுகளையும் வனவிலங்குகளையும் காப்பது அரசின் கடமையாகவும், உயிர்களிடத்து இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமையாகவும் நமது அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டன. 1980 அக்டோபர் 25ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் முன் ஒப்புதலின்றி எந்த மாநிலமும் வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்றது. ஆனால் ‘காடு’ எதுவென்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. அரசு அறிவித்தால்தான் காடா? மரங்கள் அடர்ந்திருந்தாலும் பதிவேட்டில் இல்லையேல் அது காடன்றோ?

இக்கேள்வி தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியின் நிலங்கள் முன்னாளில் நிலம்பூர் கோவிலகத்தாரின் ஜன்மம் உரிமையில் இருந்தன. அங்கு மரங்கள் பெருமளவில் வெட்டப்படுவதைக் கண்டு வருந்திய அக்குடும்பத்தவராகிய டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12ஆம் நாளன்று நீதியரசர்கள் வர்மாவும் கிருபாலும் அவ்வழக்கில் வழங்கிய ஆணை இந்தியா முழுமைக்கும் உரியதாயிற்று. ‘காடு’ என்னும் சொல்லை அகராதிப் பொருளிலேயே கொள்ளவேண்டும். நிலம் எவருக்கு உடைமையாயினும், காடாக இருப்பது காடே. அரசுப் பதிவேட்டில் காடு எனக் குறிக்கப்பட்டதும் காடே என்று அவ்வாணை கூறிற்று. இத்தகைய காடுகளைக் கண்டறியுமாறு மாநிலங்கள் பணிக்கப்பட்டன. பல மாநிலங்கள் அப்பணியை முழுமையாகச் செய்து முடிக்கவில்லை.

2023ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. லோக்சபை ஜூலை 26ஆம் நாளும், ராஜ்யசபை ஆகஸ்டு 2ஆம் நாளும் திருத்தத்தை ஏற்றன. டிசம்பர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தத்தின்படி, சட்டமுறையாகக் காடென அறிவிக்கப்பட்ட நிலமும், 1980 அக்டோபர் 25ஆம் நாளிலோ அதன் பின்னரோ அரசுப் பதிவேட்டில் காடெனப் பதிவான நிலமுமே சட்டத்தின் காவலைப் பெறும். அகராதிப் பொருளில் மட்டும் காடாக உள்ளவை வெளியே நிற்கும். விலக்குகளும் சேர்க்கப்பட்டன. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்புக்கு முக்கியமான சாலை போன்ற நீள் திட்டங்கள், பாதுகாப்பு அமைப்புகளுக்கு 10 ஹெக்டேர் வரையுள்ள நிலம், தீவிரவாதத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 5 ஹெக்டேர் வரையுள்ள நிலம் ஆகியன அவற்றுள் சில. விலங்குக் காட்சிச்சாலை, சஃபாரி, சுற்றுலா வசதி ஆகியனவும் காட்டுக்குரிய பணிகளாகவே கொள்ளப்படலாயின.

அரசு கூறிய காரணங்களையும் நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். அகராதிப் பொருள் தெளிவற்றது என்றும், தம் நிலத்தில் மரம் வளர்த்தால் அது காடாகிவிடுமோ என்று உழவர் அஞ்சுகின்றனர் என்றும், நாட்டின் பாதுகாப்பிற்கு விரைவு வேண்டும் என்றும் அது கூறிற்று. இவற்றுள் உழவரின் அச்சம் பொய்யன்று. ஆனால் அந்த அச்சத்தை நீக்க, பயிரிட்ட மரத்தோட்டத்தை விலக்கினாலே போதுமானது; இயற்கையான காட்டை விலக்கவேண்டிய தேவை எழவில்லை.

ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் உள்ளிட்டோர் இத்திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினர். சுமார் 1.97 லட்சம் சதுர கிலோமீட்டர்க் காடு காவலை இழக்கும் என்பது மனுதாரர்களின் வாதம். இது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட மிகுதி. 2024 பிப்ரவரி 19ஆம் நாளன்று நீதிமன்றம், காடுகளின் பதிவு நிறைவுறும்வரை 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றுமாறு ஆணையிட்டது. 2025 பிப்ரவரி 3ஆம் நாளன்று, ஈடாக நிலம் வழங்கப்பட்டாலன்றிக் காட்டின் பரப்பைக் குறைக்கும் எச்செயலையும் மேற்கொள்ளலாகாது என்றது. இவை இடைக்கால ஆணைகள் என்பதனை மறத்தலாகாது. ஒரு சொல்லின் பொருள் இடைக்கால ஆணையொன்றைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

4. அம்மையாரின் கேள்வி

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்விக்குத் திரும்புவோம். யானைக்குச் சட்டம் உண்டு. எங்களுக்கு என்ன உண்டு?

இக்கேள்வியை உணர்ச்சிப் பேச்சென்று ஒதுக்கலாகாது. 2022–23ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டில் 605 பேர் யானைகளால் உயிரிழந்தனர். இறப்போருள் பெரும்பாலோர் ஏழை உழவரும் தோட்டத் தொழிலாளரும் பழங்குடியினருமே. கூடலூர்ப் பகுதியில் வாழ்வோரின் வரலாற்றையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அப்பகுதியின் ஜன்மம் நிலங்களை ஒழுங்குபடுத்த 1969ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டும், இன்றும் பட்டா இல்லாமல் வாழும் குடும்பங்கள் பல. காட்டைக் காக்கும் சட்டம் அவர்கள் கண்ணுக்கு எப்போதும் வன அலுவலரின் தடியாகவே தோன்றியிருக்கிறது. பழங்குடி மக்களின் காட்டுரிமையை நாடு சட்டமாக ஏற்றதே 2006ஆம் ஆண்டில்தான். ஆகவே, பழைய சட்டங்கள் குறையற்றவை என்று நாம் கூறவில்லை.

ஆனால் சட்டத்தைத் தளர்த்தியதால் நன்மை பெறுவோர் யாவர்? 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விலக்குப் பட்டியலை மீண்டும் படித்துப் பார்ப்போம். அதில் சாலைகளும் பாதுகாப்பு அமைப்புகளும் சஃபாரிகளும் சுற்றுலா வசதிகளும் உள்ளன. பட்டா இல்லாத கூடலூர்க் குடும்பத்திற்கு அதில் ஒரு வரியும் இல்லை. யானையால் கணவனை இழந்த பெண்ணுக்கு ஒரு வரியும் இல்லை. ஏழையின் துயரம் வாதத்திற்குப் பயன்படுகிறது. அதன் பயனோ வேறொருவர் கையில் சேர்கிறது.

மேலும், யானை ஏன் வரிசை வீடுகளின் வாயிலுக்கு வந்தது என்பதையும் கேட்கவேண்டும். யானை ஒரே இடத்தில் தங்கிவிடும் விலங்கன்று. நீருக்கும் மேய்ச்சலுக்கும் பருவந்தோறும் நெடுந்தொலைவு நடப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் சீகூர்ப் பீடபூமி அதன் முக்கிய வழித்தடங்களுள் ஒன்று. அங்கே உல்லாச விடுதிகளும் வேலிகளும் எழுந்ததனால் வழக்கு நேர்ந்தது. வழித்தடத்தைக் காக்கும் தமிழ்நாடு அரசின் நடவடிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14ஆம் நாளன்று தீர்ப்பளித்தது. வழி அடைபட்ட யானை நின்றுவிடாது. வேறு வழி தேடும். அவ்வேறு வழி பெரும்பாலும் வேலி கட்ட வசதியற்ற ஏழையின் வாழைத்தோட்டத்தினூடேயும், விளக்கில்லாத தோட்டப் பாதையினூடேயும் செல்கிறது. உறைவிடத்தைக் காக்கும் சட்டம் தளரும்போது யானையும் அந்தத் தொழிலாளியும் ஒரே பாதைக்குத் தள்ளப்படுகின்றனர்.

அம்மையாருக்கு அன்று நான் சொல்லாத விடை இதுவே: யானைக்கென்று இருக்கும் சட்டத்தின் உறைவிடப்பகுதி, நேர்மையாக நிறைவேற்றப்பட்டால், அவருடைய கணவருக்கும் காவலாயிருந்திருக்கும். அது நிறைவேற்றப்படாமையே அவருடைய இழப்பிற்கு ஒரு காரணம்.

5. திருமறையின் ஒளியில்

இச்சிந்தனைக்குத் திருமறையில் இரண்டு இடங்கள் ஒளி தருகின்றன.

முதலாவது, ஆதியாகமம் 9ஆம் அதிகாரம். வெள்ளத்தின் பின் கடவுள் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமன்றிப் பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டதென்பதை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில், மனிதனுடைய இரத்தத்திற்காக விலங்கினிடத்திலும் கணக்குக் கேட்பேன் என்று கடவுள் கூறுவதை அத்தனை அழுத்தமாக நாம் எடுத்துரைப்பதில்லை. மிதிபட்டு இறந்த தொழிலாளியின் இரத்தத்திற்குக் கணக்குக் கேட்கும் கடவுளும், யானையோடு உடன்படிக்கை செய்யும் கடவுளும் ஒருவரே. ஏழையா விலங்கா என்று தேர்ந்தெடுக்குமாறு நம்மைக் கேட்போரிடம், அத்தகைய தேர்வினை இப்பகுதி அறியாது என்று நாம் விடையளிக்கலாம்.

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டில் அழியும் உயிரினங்கள் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாக்கள் காங்கிரசில் எழுந்தபோது, நற்செய்திச் சபைகளைச் சார்ந்த சுற்றுச்சூழல் இயக்கமொன்று 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சட்டத்தை இக்காலத்து நோவாவின் பேழை என்று வருணித்து, அதனைக் காக்குமாறு மக்கள் பிரதிநிதிகளை வேண்டியது. சட்டம் தளர்த்தப்படாமல் தப்பியதற்குப் பல காரணங்கள் உண்டு. கிறிஸ்தவரின் இக்குரலும் பொதுவாழ்வில் கேட்கப்பட்ட குரல்களுள் ஒன்று. இவ்வுவமைக்கு நாம் ஒன்று சேர்க்கலாம். பேழை ஒரு தற்காலிக உறைவிடம். வெள்ளம் வற்றியபின் அவ்வுயிர்கள் பூமியில் பெருகும்படி வெளியே அனுப்பப்பட்டன. திரும்பிச் செல்ல நிலமில்லையாயின் பேழையால் பயனில்லை.

இரண்டாவது, மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கொர்பான்பற்றி இயேசுபெருமான் கூறியது. பெற்றோரைக் கனம்பண்ணவேண்டும் என்னும் கட்டளையை அக்காலத்து மறைநூல் அறிஞர் எவரும் அழிக்கவில்லை. ஆனால் பெற்றோருக்குச் சேரவேண்டியது காணிக்கையென்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், மகன் கடமையிலிருந்து விடுபட்டுவிடுவான். கட்டளை ஏட்டில் நின்றது. வயதான தாயோ பசியோடிருந்தாள். பொருள்கோளின் நுட்பத்தால் சட்டத்தை வெறுமையாக்குவதை ஆண்டவர் கண்டித்தார். கண்டித்ததற்கு அவர் காட்டிய காரணம் சொல்லிலக்கணத்தைச் சார்ந்ததன்று. அச்சொல்லால் கைவிடப்பட்ட மனிதரைச் சார்ந்தது. ஒரு விளக்கம் சரியா தவறா என்று அறிய அவ்விளக்கத்தால் எவர் வெளியே நிறுத்தப்படுகிறார் என்று கேட்கவேண்டும் என்பதை இங்கே கற்கிறோம்.

6. ஆயரின் பணி

இத்தகைய பொருளில் ஒரு கிராமத்து ஆயர் செய்யத்தக்கது யாது என்று மாணவர் கேட்பர். சிலவற்றைக் குறிப்பிடலாம்.

சட்டத்தின் மொழியை மக்களின் மொழியாக்குவது முதற்பணி. சட்டத் திருத்தங்களும் திட்ட அறிவிப்புகளும் பொதுமக்களின் கருத்துக்கென வெளியிடப்படுகின்றன; ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன, குறித்த நாள்களுக்குள் கருத்துரைக்கவேண்டும். மலையடிவாரத்துச் சபையில் அதனை வாசித்துப் பொருள் கூறத்தக்கவர் பெரும்பாலும் ஆயர் ஒருவரே. எபிரெய மொழியை விளக்க உழைக்கும் நாம் அரசின் அறிவிப்பை விளக்கத் தயங்குவது முறையன்று. காட்டுரிமைச் சட்டத்தின்படி கிராமசபைக்குள்ள அதிகாரத்தை மக்கள் அறியச் செய்வதும் இதனுள் அடங்கும்.

இழந்தோரை விட்டுவிடாதிருப்பது இரண்டாவது. யானையால் இறந்தவரின் குடும்பத்திற்கு அரசு வழங்கும் இழப்பீட்டைப் பெற்றுத்தருவதற்குச் சான்றிதழ்களும் விண்ணப்பங்களும் அலுவலகங்களுக்கான நடையும் தேவை. அவ்வீட்டாரோடு நடக்காத ஆயர் யானைக்காகப் பேசினால் எவரும் செவிகொடார்; செவிகொடுக்கவேண்டிய கடமையும் அவர்களுக்கில்லை.

மூன்றாவது, நம்மைநாமே ஆராய்ந்துபார்ப்பது. திருச்சபைக்கு மலைகளில் நிலங்களும் தங்கும் விடுதிகளும் உண்டு. நமது வேலி எந்த விலங்கின் வழியை மறிக்கிறது, நமது வளாகத்தின் பழைய மரங்கள் எந்தக் கட்டடத்திற்காக வெட்டப்பட்டன என்று சபைக் குழுக்களில் நாம் கேட்டதுண்டோ? அரசின் விலக்குப் பட்டியலைக் குறைகூறும் நாம் நமக்கென ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளலாகாது.

முடிவுரை

‘தீங்கு’, ‘காடு’ என்னும் இரு சொற்களும் அகராதியில் எவருக்கும் விளங்கும் எளிய சொற்கள். சட்டத்தின் ஏடுகளில் அவற்றின் பொருள் குறுகுமாயின் ஆந்தையும் யானையும் உறைவிடம் இழக்கும். அவற்றின் பின்னே அடுத்த வரிசையில் நிற்பவர் செரோக்கியரைப் போன்ற பழங்குடியினரும், மலைச்சரிவில் விடியுமுன் வேலைக்குச் செல்லும் தொழிலாளருமே. ஆகவே சொற்களின் பொருளைக் காத்தல் நமது தொழிலுக்குப் புறம்பான அரசியல் வேலையன்று. பொருள்கோளைக் கற்றுக் கற்பிக்கும் நமக்கு அது மிகவும் அண்மையிலுள்ள கடமையாகும்.

அந்த அம்மையாரை அதன்பின் நான் காணவில்லை. அவரைப்போன்ற ஒருவர் இவ்விதழை வாசிக்கும் ஓர் இளம் ஆயரிடம் அதே கேள்வியை ஒருநாள் கேட்கக்கூடும். அவ்வாயர் ஜெபித்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், அவ்வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்து விடை கூறுவாராக.